யாருடைய கணக்கில் இந்தப் பாட்டி?

புதுச்சேரியில் கணவனை இழந்த வயதான பெண்ணுக்கு மாத உதவித்தொகை வேண்டுமென்றால் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் மனுப் போட வேண்டும். அதே பெண்ணுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டால், மாற்றுத்திறனாளிக்கான உதவிக்குச் சமூக நலத்துறை. அந்த உதவிக்கு வேண்டிய சான்றிதழைத் தருவது ஆஸ்பத்திரி. அது சுகாதாரத் துறை. ரத்த அழுத்த மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். பெரிய வைத்தியம் என்றால் கோரிமேட்டு ஜிப்மர். அது மத்திய அரசு. அரிசிக்குக் குடிமைப்பொருள் வழங்கல் துறை. எல்லாம் ஒரே ஊரில்தான். சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம், சைக்கிள் மிதிக்க இரண்டு காலும் விளங்குகிறவர்கள்.

குருசுக்குப்பத்தில் அப்படி ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைப் பாட்டிதான், ஆனால் அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மகன் கடலுக்குப் போகிறவர். மருமகள் விடிகாலையில் மீன் எடுத்துக் கூடையோடு வீதிவீதியாகப் போகிறவர். அலுவலகம் திறக்கும் நேரமும் மீன் விற்றாக வேண்டிய நேரமும் ஒன்று. ஒரு துறைக்கு ஒரு நாள் என்று வைத்தால் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நாள் வியாபாரம் போய்விடும். பாட்டியை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். போய் நின்றால் கவுன்டரில் கிடைக்கும் பதில்: "அது இங்க இல்லம்மா." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் மேசையிலுள்ள கோப்பில் பாட்டியின் கை மட்டும்தான் இருக்கிறது. வயிறு வேறொரு கோப்பில். பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று உலகமெங்கும் அரசுகள் பேசுகின்றன. இங்கிலாந்து அதற்காகவே 2022-ல் ஒரு சட்டம் இயற்றி, அந்த ஜூலை முதல் நாட்டை 42 வாரியங்களாகப் பிரித்து வேலையைத் தொடங்கியது. இப்படிப்பட்ட மாற்றத்தை எப்படி நடத்துவது என்று நிர்வாகவியல் புத்தகங்கள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன: ஊழியர் எதிர்ப்பைச் சமாளிப்பது, தலைமைப் பண்பு, தகவல் பரிமாற்றம். எல்லாம் தேவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. அது நிர்வாகக் கேள்வியே இல்லை. கட்டிலில் கிடப்பவர் யார்? நோயாளியா, பயனாளியா, உறவா, உயிரா? டாக்டருக்கு முதலாவது, குமாஸ்தாவுக்கு இரண்டாவது, மருமகளுக்கு மூன்றாவது. நான்காவதைச் சொன்னவர்கள் துறவிகள். ஒவ்வொரு பதிலும் தனக்கென்று ஓர் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டது. பதில்களை இணைக்காமல் அலுவலகங்களை மட்டும் இணைத்தால் பெயர்ப்பலகை மாறும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் புதுச்சேரிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் இருநூறு ஆண்டு அனுபவம் உண்டு. பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஆண்டு என்று ஜிப்மர் தன் வரலாற்றில் குறிப்பது 1823. அதே ஆண்டு அக்டோபரில் மருதூரில் இராமலிங்கர் என்ற வள்ளலார் பிறந்தார். தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். ஒன்று உடலை உறுப்பு உறுப்பாகப் படிக்கும் வழி; மற்றது துன்பத்தை முழுசாகப் பார்க்கும் வழி.

வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு வரும் துன்பங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. பக்தி நூல் என்று ஒதுக்கிவிடாமல் ஓர் அதிகாரியின் கண்ணோடு இதைப் படிக்க வேண்டும். பசி ஒரு துறை, பிணி ஒரு துறை, எளிமை என்கிற வறுமை ஒரு துறை, பயம் மனநல மருத்துவரின் மேசை. நான்கையும் ஒரே மூச்சில் எழுதியவர், அவற்றுக்குள் முன்னுரிமையும் வைத்தார். பசியையும் கொலையையும் நீக்குவதே முதன்மை. மற்றவை அதற்கு அடுத்தபடி. எல்லாவற்றையும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதை அறிந்தவரின் பட்டியல் இது. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது, அதோடு வைத்தியசாலை, உபகாரசாலை, சாஸ்திரசாலை எல்லாம் சேர்ந்து அமைய வேண்டும் என்றுதான் திட்டமிட்டார். நிலைத்தது தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

அடுப்பு அணையாததை அற்புதம் என்று சொல்லி வணங்குவது எளிது. 150 ஆண்டுக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் யாரோ விறகு கொண்டுவந்திருக்கிறார்கள், யாரோ அரிசி அளந்திருக்கிறார்கள், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் கரண்டி பிடித்திருக்கிறார் என்பதுதான் அதைவிட வியப்பானது. கருணை மனசில் பிறக்கலாம். நிலைப்பது முறைவைத்துச் செய்யும் வேலையில். நிறுவனம் என்றாலே இதயமற்றது என்று முகம் சுளிக்கும் ஆன்மிகர்கள் வடலூர் சமையல்கட்டில் ஒரு நாள் நின்று பார்க்கலாம்.

அரசுகள் அந்தப் பட்டியலின் பக்கம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. காசநோய்க்கு மாத்திரை மட்டும் போதாது, சாப்பாடு வேண்டும் என்று இந்திய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கியது 2018-ல். மாதம் 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். பசியும் பிணியும் ஒரே கோப்பில் ஏறிய அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

புதுச்சேரி நகரத்துக்குள் முழுமையான இணைப்பு ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1926 நவம்பரில் ஸ்ரீ அரவிந்தர் தனிமைக்குள் போன பிறகு, ஆசிரமத்தின் பொறுப்பு அன்னையின் கைக்கு வந்தது. சாப்பாட்டுக்கூடம், துணி வெளுக்குமிடம், மருந்தகம், நர்சிங் ஹோம், தச்சுப்பட்டறை எல்லாம் ஒரே அமைப்பு. உறுப்பினருக்குச் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம், செய்ய ஒரு வேலை எல்லாம் கிடைக்கும். மனுவும் இல்லை, சம்பளமும் இல்லை. பாத்திரம் கழுவுவதும் படுக்கை மாற்றுவதும் யோகத்தின் பகுதி. எடின்பரோவில் மருத்துவம் படித்த நிரோத்பரன் அங்கே மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டார். 1938 நவம்பரில் ஸ்ரீ அரவிந்தரின் கால் முறிந்தபோது பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். பின்னால் சாவித்ரி காவியத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவரும் நிரோத்பரன்தான். டாக்டர், உதவியாளர், எழுத்தர் என்று மூன்று பதவிகள் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. இன்றைய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டரைப் படுக்கை விரிப்பு மாற்றச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே வருகிறவர் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு வருகிறார். எல்லோருக்கும் ஒரே குரு, ஒரே இலக்கு, ஒரே நம்பிக்கை. இணைப்பு அங்கே கஷ்டமில்லாமல் நடந்ததற்கு அந்த ஒப்புக்கொடுத்தலே காரணம். குருசுக்குப்பம் பாட்டி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவராக இருக்கலாம், அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவராகவும் இருக்கலாம். அவரிடம் வரும் நர்சம்மாவின் சாமி வேறாக இருக்கும், அங்கன்வாடி டீச்சரின் கட்சி வேறாக இருக்கும். ஒரே நம்பிக்கை இல்லாத அந்நியர்கள் ஒருவரையொருவர் முழுசாகக் கவனித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் பொதுச் சேவை எதிர்கொள்ளும் கேள்வி. ஆசிரமம் அதற்குப் பதில் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவை அதற்கு வரவில்லை. தருமச்சாலை பாதிப் பதில் சொன்னது: சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல், பசியையே தகுதியாக வைத்தது.

மதங்களுக்குள்ளேயே பக்தியிலிருந்து சேவைக்கு வரும் மாற்றம் சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. 1897 மே முதல் நாள் கல்கத்தாவில் விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது, இது மேல்நாட்டு வழி, குருதேவர் சொன்ன வழியில்லை என்று ஆட்சேபித்தவர் வெளியாள் யாருமில்லை. உடன் துறவியான யோகானந்தர். 1901-ல் ஹரித்வாரை அடுத்த கன்கலில் விவேகானந்தரின் சீடர் கல்யாணானந்தர் சேவாசிரமம் தொடங்கினார். நிச்சயானந்தர் வந்து சேர்ந்துகொண்டார். நோயாளிகளின் மலஜலத்தைத் தாமே அள்ளினார்கள். சுற்றியிருந்த சாதுக்கள் அவர்களைத் துப்புரவுச் சாதியின் பெயர் சொல்லி 'பங்கி சாது' என்று ஒதுக்கினார்கள். வாதம் செய்து யாரையும் வெல்லவில்லை அந்த இருவரும். வேலையைத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான்.

கன்கலின் கேள்வி இன்றைக்கும் தீரவில்லை: மலம் அள்ளுவது யார்? ஒருங்கிணைந்த சேவை பற்றிய அறிக்கைகளில் இந்தக் கேள்வி நேராக வராது. பல்துறைக் குழு என்று எழுதுவார்கள். அம்புக்குறி போட்ட வரைபடம் இருக்கும். பக்கவாதம் வந்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். அந்த இரண்டு மணிக்கு ஒருமுறை எந்தத் துறையின் வேலை நேரத்துக்குள் வருகிறது? நம் ஊரில் சமூகப் பராமரிப்புத் துறையின் உண்மையான பெயர் மருமகள். அவருக்குச் சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, பல வீடுகளில் மரியாதையும் குறைவு. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதைச் சேவைகளின் ஒருங்கிணைப்பு என்று அழைத்துவிட்டு, அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது பெரிய சாதனை ஆகாது.

கற்பனைப் பாட்டியை வைத்து யோசிப்பது ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டார்பே என்ற வட்டாரம். அங்கே 2005-ல் மருத்துவத்தையும் முதியோர் பராமரிப்பையும் ஒரே அமைப்பாக்கினார்கள். அதற்கு முன் பிரிக்ஸம் என்ற சிற்றூரில் ஒரு சோதனை. அவர்கள் வரைபடத்தோடு தொடங்கவில்லை. எண்பது வயது கடந்த 'திருமதி ஸ்மித்' என்ற பெண்ணைக் கற்பனை செய்து, எந்த மாற்றத்தைப் பற்றிப் பேசினாலும் இதனால் அவருக்கு என்ன என்று கேட்டார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருங்கிணைப்பாளர்களை நியமித்தார்கள். ஒரே தொலைபேசி எண். எடுப்பவர் நர்ஸ், பிசியோதெரபி, வீட்டு உதவி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்வார். துறைகளின் பெருமை பேசும் கூட்டத்தில் ஒரு கிழவியின் பெயர் அடிக்கடி வந்து விழுந்துகொண்டே இருந்தது. வேலை நடந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இணைப்பு பற்றி வேறொரு பாடமும் தெரியும், வயசானவர்கள் அதை வாழ்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுசாக முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டு. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் இரண்டாம் ஷரத்து, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையைப் பின்னால் மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது. சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பத்து விதவைக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருவது நிற்கவில்லை. அடுத்த வீட்டு விதவை உள்ளூர் துறையில் மனுப் போட்டுக் காத்திருப்பார் என்பதும் இந்தத் தெருக்களின் நடைமுறைதான். 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் காலத்தில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்று டெல்லியிலிருந்து பேச்சு வந்ததும் ஊர் பற்றி எரிந்தது. அந்த யோசனை அதோடு கைவிடப்பட்டது. ஒரே மொழி, ஒரே சாப்பாடு, கொள்வினை கொடுப்பினை இருந்தும் அந்த இணைப்பு வேண்டாம் என்றார்கள். முதல் இணைப்பில் அவர்களைக் கேட்டார்கள், அவர்களுடையவை சிலவற்றை அவர்களிடமே விட்டுவைத்தார்கள். இரண்டாவதில் கேட்கவில்லை.

இதே ஊரில் உட்கார்ந்து, ஆர்யா இதழில் 1915 முதல் 1918 வரை ஸ்ரீ அரவிந்தர் மனித ஒற்றுமை பற்றித் தொடர் எழுதினார். பேரரசுகளையும் நாடுகளையும் மனதில் வைத்து எழுதியது. ஆஸ்பத்திரியை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் அதன் மைய வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது: ஒற்றுமை வேறு, ஒரேமாதிரி ஆக்குவது வேறு. நிர்வாக இயந்திரத்துக்கு ஒரேமாதிரி ஆக்குவது வசதி; உயிருக்குப் பன்மைதான் வசதி. இயந்திரத்தால் வரும் ஒற்றுமை வெளியே உறுதியாகத் தெரியும், உள்ளே உளவியல் ஒற்றுமை இல்லாதவரை அது நிலைக்காது என்பது அவர் கவலை. தம் ஆசிரமத்தின் வாசலில் அவருக்கு அந்த உளவியல் ஒற்றுமை கிடைத்தது. அரசாங்கக் கட்டடத்தில் அது எப்படி வரும்?

வரலாம், வேலையின் வழியாக. குருசுக்குப்பத்தில் ஜிப்மரின் நகர்ப்புற நலவாழ்வு மையம் இருக்கிறது. வைத்திக்குப்பம், வாழைக்குளம் பக்கத்து மக்களுக்கும் அதுதான் முதல் இடம். மருத்துவ மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழகும் இடமும் அது. அங்கேயும் ஊரில் மற்ற இடங்களிலும் இரண்டு பெண்களைக் கவனிக்க வேண்டும்: சுகாதாரத் துறையின் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர். இருவருக்கும் மேலதிகாரி வேறு, பதிவேடு வேறு, சம்பள நாள் வேறு. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து, பெயரில் ஒருங்கிணைப்பு இருந்தும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் தடுப்பூசி நாளன்று பாருங்கள். ஒருவர் குழந்தையைத் தராசில் போட்டு எடையைச் சொல்கிறார். மற்றவர் ஊசி போட்டு மருந்தின் பெயரைக் குறிக்கிறார். இரண்டும் ஏறுவது ஒரே தாய் சேய் நல அட்டையில். அந்த அட்டை இரண்டு துறைக்கும் பொதுவாக அடிக்கப்பட்டது. அது எந்த அலுவலகத்திலும் இருப்பதில்லை. மடித்து, சில சமயம் எண்ணெய்க் கறையோடு, அம்மாவின் பையில் இருக்கிறது.

அந்தப் பெண்கள் மாற்றத்தை எதிர்த்தால் அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடுவது நிர்வாகப் புத்தகங்களின் பழக்கம். இருபது ஆண்டு பிரசவ வேலை பார்த்த செவிலியரிடம் நாளை முதல் நீங்கள் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று சொன்னால், போவது பதவிப் பெயர் மட்டுமா? அவருடைய கைத்திறமைக்கு இருந்த மரியாதை போகிறது. அதற்கு ஈடாக என்ன தருகிறீர்கள் என்று கேட்பது நியாயமான தருமக் கேள்வி. வால்டர் லூட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999-லேயே இதைச் சொல்லிவிட்டார்: உனக்கு இணைப்பாகத் தெரிவது எனக்குச் சிதறலாக இருக்கலாம். சில பேருக்கு எல்லாச் சேவையையும் இணைக்கலாம், எல்லோருக்கும் சில சேவையை இணைக்கலாம், எல்லோருக்கும் எல்லாவற்றையும் இணைக்க முடியாது என்பதும் அவர் சொன்னதுதான். வள்ளலாரின் முன்னுரிமைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கலாம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டான மாஹே, கேரளத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இணைப்பின் நல்ல முன்மாதிரி பிறந்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலான மருத்துவர்கள் வலி நிவாரண, நோய்த்தணிப்பு மருத்துவச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் பக்கம் அது அண்டைவீட்டார் வலைப்பின்னலாக மாறியது. ஊர்க்காரர்களே தொண்டர்கள். கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர் எல்லோரும் பயிற்சி எடுத்து நோயாளிகளின் வீட்டுக்குப் போனார்கள். சில்லறையாகச் சேர்த்த பணம். டாக்டர் அங்கே தலைவரில்லை, கூப்பிட்டால் வருபவர். பள்ளிவாசலும் கோயிலும் சர்ச்சும் தத்தம் கதவைத் திறந்தன. யாரும் யாருடைய நம்பிக்கையையும் மாற்றச் சொல்லவில்லை. 2008-ல் கேரள அரசு இதை மாநிலக் கொள்கையாக்கியது. வேலை முதலில், ஆணை பிறகு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எதிர்த் திசையில் வந்தது: ஆணை முதலில். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள், பிசியோதெரபி வீட்டிலேயே நடக்கிறது. கோரிமேட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் பாட்டிக்கு அது கிடைக்கும். தாண்டுவதற்குத்தான் கால் விளங்கவில்லை.

நம்பிக்கையும் மருத்துவமும் ஒரே வாசலில் நிற்பதற்கு நாம் கொடுத்த விலையையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை அடுத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு வருவதைத் தடை செய் என்ற குரல் எழுந்தது. பயன்பட்ட வழி வேறாக இருந்தது: குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் செய்ததுபோல, மந்திரிப்பவரின் பக்கத்திலேயே டாக்டரும் உட்காருவது. மருந்தும் துஆவும் சேர்ந்து. ஏர்வாடியிலும் பிற்பாடு அது வந்தது. ஜனங்கள் தர்காவின் வலியுல்லாவை, இறைநேசரை, தேடி வந்தார்கள். டாக்டர் அவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்தார். மாற்றத்தை நடத்துவது என்றால் சில நேரம் நாற்காலியை எங்கே போடுவது என்பதுதான்.

எல்லாம் சரி, ஒரு முக்கிய ஆட்சேபம் இருக்கிறது. அதை நிர்வாகிகளும் பேசுவதில்லை, ஆன்மிகர்களும் பேசுவதில்லை. முழு மனிதனைப் பார் என்கிறோம். யார் பார்ப்பது? பாட்டியின் பேத்திக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் குமாஸ்தா அதே தெருக்காரர். பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். எல்லாக் கோப்பும் ஒரே திரையில் தெரிந்தால், குமாஸ்தாவுக்கு மாத்திரையும் தெரியும். காசநோயாளிக்கு உணவுக் கூடை கொடுக்கும் நன்கொடையாளர் புன்னகையோடு நிற்க, வாங்குகிறவரின் முகமும் படத்தில் வந்துவிட்டால் அந்தக் கூடையின் கனம் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். சிதறிக் கிடப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஏழைகள் பல அலுவலகங்களில் பல முகங்களோடு வாழ்வது அறியாமையால் அல்ல. எதை எங்கே சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரியும். மனநலப் பராமரிப்புச் சட்டமும் எச்.ஐ.வி. சட்டமும் (இரண்டும் 2017) ரகசியத்தை நோயாளியின் உரிமையாக எழுதிவைத்திருப்பது இதற்காகத்தான். கடவுளுக்கு ஒருவரின் எல்லாமும் தெரியலாம். துறைக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரமத்தில் ஒருவர் தன்னை முழுசாக ஒப்படைக்கிறார் என்றால் அது அவராக எடுத்த முடிவு. பென்ஷனுக்கு வரிசையில் நிற்பவரிடம் அப்படி ஒப்படைக்கக் கேட்பது கருணை ஆகாது, அது அதிகாரம். இணைப்பு என்பது முழு மனிதனைத் துறைகளின் கையில் கொடுப்பதாக இருக்கக் கூடாது. துறைகளை அந்த மனிதரின் கையில் கொடுப்பதாக இருக்க வேண்டும். ஒரே நம்பிக்கை இல்லாத அந்நியர்களுக்கு நடுவே சாத்தியமான ஒற்றுமை இதுவாகத்தான் தெரிகிறது.

எனவே புதுச்சேரி அரசிடம் கேட்க வேண்டியது ஒரு புதிய இயக்ககம் இல்லை. கட்டடமும் வேண்டாம், இலச்சினையும் வேண்டாம். குழந்தைக்கு இருப்பதுபோல் வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் ஓர் அட்டை அடியுங்கள். சுகாதாரம், சமூக நலம், மகளிர் மேம்பாடு மூன்று துறையும் அதில் எழுதட்டும். அட்டை பாட்டியின் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். எந்தப் பக்கத்தை யாரிடம் காட்டுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டுக்குப் போகும் செவிலியருக்கு மூன்று துறை மனுவிலும் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுங்கள், அந்த வேலைக்கு உரிய சம்பளத்தோடு. மருமகளுக்கும் ஒரு தொகை எழுதுங்கள், அவர் பார்ப்பதும் வேலைதான். முதலில் குருசுக்குப்பத்தில் ஓர் ஆண்டு செய்து பாருங்கள். அட்டையில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்தை மட்டும் தலைமைச் செயலகத்தில் வைக்காதீர்கள். மீன் விற்று முடித்து மருமகள்கள் வீடு திரும்பும் பிற்பகலில், அங்கேயே அங்கன்வாடியில் வையுங்கள்.